சென்னியப்பனின் பன்னிரண்டாவது விமானம்

ஙொய்ய்ய்ய்ங் என்று முதலில் சத்தம்தான் வரும். மூடிக்கிடக்கும் நூல் மில்லுக்கு இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், காதுக்குள் கொசு புகுந்துவிட்டதென்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொள்வார்கள். ஒரு வாரம் ஆனவர்கள் பக்கத்து வீட்டு மிக்ஸி என்பார்கள். ஒரு வருடம் ஆனவர்கள், "ஞாயித்துக்கிழமையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வார்கள்.

மில்லின் பின்சுவரைத் தாண்டிப் போனால்தான் சத்தம் எதிலிருந்து வருகிறதென்று தெரியும். பொட்டல் நடுவில் ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அவர் கைப்பிடியிலிருந்து தலைமுடிக் கனத்தில் இரண்டு எஃகுக் கம்பிகள் அறுபதடி தூரம் போகும். அந்தக் கோடியில், முறத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு விமானம் அவரையே வட்டமடிக்கும். ரிமோட், பேட்டரி எதுவும் கிடையாது. கைப்பிடியை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு விமானம் ஏறும். கீழே சாய்த்தால் மற்றது இழுபட்டு இறங்கும். எண்ணெய் தீர்ந்தால் தானாக வந்து உட்காரும். இதற்காகத்தான் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்குச் சுற்றிக்கொண்டிருந்தது ரெஜினாவின் விமானம். ரெஜினா பல் செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். ஒரு பல்லுக்கு இன்னொரு பல் நோகாமல் இடம் பண்ணிக் கொடுத்துப் பழகிய கை அவளுக்கு. அவள் செய்த விமானத்துக்குக் கோணல் என்றால் என்னவென்றே தெரியாது.

வட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மற்ற மூன்று பேர். எடைமேடையில் முப்பது வருடம் லாரி நிறுத்துவிட்டு ரிடையரான தெய்வசிகாமணி. ஆட்டோவுக்கு சீட் தைக்கிற சுக்கூர் பாய். மூன்றாவது ஆள், பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டும் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்ததும் இரும்புத்தூள் மினுங்குகிற சட்டையோடு நேராக இங்கே வந்துவிடுவான். அவன் மடியில் புத்தம்புதிதாக ஒரு விமானம் இருந்தது.

அவனுக்கு அது பன்னிரண்டாவது. முந்தைய பதினொன்றும் ஒரு சுற்றுகூட முழுதாய்ச் சுற்றியதில்லை. ஓடும், தரையை விட்டு எழும், ஆள் உயரம் போகும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று சென்னியப்பன் கைப்பிடியை மேலே சாய்ப்பான். அடுத்த நொடி மூக்கால் மண்ணைக் குத்தி நிற்கும். சுள்ளி பொறுக்க அவன் சாக்கோடு ஓடுவான். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் அவனிடம் பதினொரு பதில் இருந்தது. வால் கனம், மூக்கு கனம், இறக்கை நுனியில் ஈயம் போதவில்லை, பசை காயவில்லை, அமாவாசை என்று போகும் அந்தப் பட்டியல்.

அதனால்தான் பன்னிரண்டாவதைச் செய்து முடித்துப் பதினான்கு மாதமாகியும் அவன் பறக்கவிடவில்லை. ஞாயிறு தவறாமல் கொண்டுவருவான். துடைப்பான். இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பிடித்துச் சமன் பார்ப்பான். கதை சொல்வான். அதற்குள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வந்துவிடும். காற்று எழுந்தால் கம்பி தொய்யும், இந்தச் சின்ன விமானங்களை விடமுடியாது. "அடடா, காத்து வந்துருச்சுங்களே! செரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சென்னியப்பன் மூட்டை கட்டிவிடுவான். அவன் கதைகளின் நீளமே காற்றை வைத்துத்தான். ஆடி மாதம் ஏழு மணிக்கே காற்று வந்துவிடுவதால் கதையும் சின்னது. மார்கழியில் அவன் பாடு திண்டாட்டம்.

அன்றைக்கு மார்கழி. தெய்வசிகாமணி காற்று பார்க்க ஒரு மூங்கில் குச்சியை நட்டு, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். ரிப்பன் செத்த பாம்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏப்பா சென்னி, இன்னைக்காச்சும் அதை விடுவியா, இல்ல மடியில வெச்சுத் தாலாட்டீட்டே இருப்பியா?"

"சமன் பாக்க வேண்டாமுங்களாண்ணா?"

"பதினாலு மாசமாப் பாக்கறே. பொண்ணு பாத்தப்பக்கூட இத்தனை நேரம் பாத்திருக்க மாட்டே."

"அப்ப என்னையத்தானுங்க பாத்தாங்க. சமன் பத்தலைன்னு மூணு ஊட்டுல திருப்பி அனுப்பிச்சுட்டாங்க."

சுக்கூர் பாய் சிரித்துவிட்டார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. அவர் சிரிக்கும்முன் எதையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பவர்.

"ஒரு பேச்சுப் பேசிக்கலாம். இது மூணே மூணு சுத்து சுத்தட்டும். இத்தனை வருசமா நீ சொன்னது அத்தனையும் நெசம்னு நா ஒத்துக்கறேன். வுழுந்துருச்சுன்னா, 'நாஞ் சொன்னதெல்லாம் புளுகு'ன்னு நீ உம்பட வாயால சொல்லோணும். அப்பறம் இந்த மரத்தடியில கதையே கூடாது."

பதினொரு விமானத்தில் சென்னியப்பனுக்கு மிஞ்சியது பதினொரு சாக்கு சுள்ளியும் அந்தக் கதைகளும்தான். சுள்ளியை வீட்டில் வெந்நீருக்கு எரித்தாகிவிட்டது. கதையும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் இங்கே என்ன மனிதன்?

"செரிங்ண்ணா, பேச்சு பேச்சுதான்" என்றான். ஓரக்கண்ணால் ரிப்பனைப் பார்த்தான். "ஆனா மூணாவது விமானத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம இதை விடறது ஆபத்துங்க. அதைச் சொல்லிப்போடறேன்."

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் தெய்வசிகாமணி.

"அதுக்கு ரெக்கை எடை குறையட்டும்னு உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சேன் பாருங்க, தேய்ச்சேன் தேய்ச்சேன், தராசுல வெச்சா தட்டு மேல போகுது."

"மேல போனா எடை இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான?"

"இல்லீங்ண்ணா. எடை இல்லாததோட நிக்காம, தட்டோட எடையிலயும் கொஞ்சம் தின்னுபோட்டுது. நா அதோட உடலை. இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சேன். கண்ணுக்கே தெரியாமப் போயிருச்சு. கையில இருக்குது, ஆனாத் தெரியல. கீழ வெச்சேன், வெச்ச எடம் தெரியல. நாலு நாளு ஊடெல்லாம் தவழ்ந்து தேடறேன். அஞ்சாம் நாள் பாத்தா, சமையக்கட்டுல எறும்பு அந்தரத்துல நடந்து போகுது."

"அந்தரத்துலயா?" என்றார் சுக்கூர் பாய்.

"வரிசையாப் போகுது பாய்! சக்கரை டப்பாவுல இருந்து ஜன்னலுக்கு நேர்கோடு. அடியில ஒண்ணுமே இல்ல. அதாம் எம்பட ரெக்கை. கண்டுபுடிச்சாச்சுன்னு நா துள்ளிக் குதிக்கறதுக்குள்ள, ஊட்டுக்காரி ஒட்டடைன்னு நெனைச்சு வெளக்கமாத்துல ஒரே அடி. பறந்துச்சுங்க. என் கையில பறக்காதது அவ கையில பறந்துச்சு, அடுப்பு வரைக்கும்."

சென்னியப்பன் ரிப்பனைப் பார்த்தான். ஆடவில்லை.

"அஞ்சாவது அதுக்கும் மேல" என்று உடனே அடுத்ததை எடுத்தான். "எஞ்சினுக்கு என்ன ஊத்தறோம்? ஈதரு, மண்ணெண்ணெய், வெளக்கெண்ணெய். சூடு தாங்கட்டும்னு வெளக்கெண்ணெயை நா கொஞ்சம் தாராளமா ஊத்தீட்டேன். ஒரு படி."

"எஞ்சினே எலுமிச்சங்கா தண்டி. அதுல ஒரு படியா?"

"அமுக்கி அமுக்கி ஊத்தினேனுங்ண்ணா. எஞ்சின் புடிச்சுதுன்னா பொகை, அப்படியொரு வெளக்கெண்ணெய்ப் பொகை! காத்து கெழக்கால அடிச்சுது. மில்லுக் காலனி மொதக்கொண்டு சூலூர் வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்ல. அல்லாரும் சொம்பைத் தூக்கீட்டு ஓடறாங்க. பஸ்ஸு நின்ன எடத்துல நிக்குது, டிரைவரைக் காணோம். ஒரு கலியாண மண்டபத்துல தாலி கட்டற நேரம், மாப்பிள்ளையைக் காணோம், அய்யரைக் காணோம், நாதஸ்வரக்காரரு மட்டும் பாதியில ஊதறதை நிறுத்தீட்டு அசையாம உக்காந்திருக்கறாரு. அசைஞ்சா தீந்துது."

சுக்கூர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியாண்ணே?"

"எனக்கு என்ன ஆகும் பாய்? கைப்பிடியைத் தொட்டப்பவே பயத்துல எல்லாம் போயிருச்சே. உள்ள சரக்கு இருந்தாத்தான?"

அதற்குள் ரெஜினாவின் விமானம் எண்ணெய் தீர்ந்து, சத்தம் அறுந்து, பூனை மாதிரி வந்து இறங்கிவிட்டது. அவள் நெற்றியைத் துடைத்தபடி மரத்தடிக்கு வந்து தண்ணீர் குடித்தாள். "என்னண்ணா, எத்தனாவது ஓடுது?"

"ஏழாவதுக்கு வந்திருக்குது அம்மணி. உக்காரு. அதைப் பறக்க உட்டது மேக்கால ஒரு சோளக்காட்டுல. எஞ்சின் நிக்கவே மாட்டேங்குது. நா சுத்தறேன், சுத்தறேன், குதிகால்லயே சுத்தறேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா விமானம் ஒசரத்துல போகுது. அட, நல்லா ஏறுதேன்னு பாத்தா, அது ஏறலை, நா எறங்கியிருக்கறேன். திருகாணி மாதிரி மண்ணுக்குள்ள போய்ட்டு இருக்கறேன்!"

"நிறுத்தீருக்கலாமல்ல?"

"எப்படி நிறுத்தறது? நிறுத்தினா விமானம் உடைஞ்சு போகுமே! முழங்கால் போச்சு, இடுப்பு போச்சு, பாறை வந்துச்சு. பாறையில கொஞ்சம் பொகைஞ்சுது, அப்பறம் வழியுட்டுது. தொண்ணூறு அடியில காலு ஜில்லுனுது. தண்ணி! ஆயிரத்தி இருநூறு அடி போர் போட்டுத் தூசி குடிக்கற ஊருல, தொண்ணூறு அடியில ஊத்துத் தண்ணி!"

"வெளிய எப்பிடி வந்தே?" என்று தெய்வசிகாமணி கேட்டார். கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சலாகி ரிப்பனைப் பார்த்தார்.

"எதிர்ப்பக்கமாச் சுத்தியிருந்தா மரையைக் கழட்டற மாதிரி வந்திருப்பேனுங்க. எனக்கு ஒரு பக்கம் மட்டுந்தான சுத்தத் தெரியும்? அதனால தண்ணியிலயே நின்னேன். காட்டுக்காரரு வந்து எட்டிப் பாத்துட்டு, 'இன்னொரு இருபதடி போயிருந்தா ரெண்டாம் போகத்துக்கும் பத்துமே'ன்னாரு. ஒரு நன்றி சொல்லலை. இன்னைக்கும் அந்தக் கெணறு இருக்குது. தண்ணியில லேசா வெளக்கெண்ணெய் வாடை வரும்."

மணி எட்டரை தாண்டிவிட்டது. ரிப்பனில் ஒரு இலைப்பூச்சி வந்து நிம்மதியாக உட்கார்ந்தது. சென்னியப்பன் கடைசிக் கையிருப்பை எடுத்தான்.

"தலைசுத்தலுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சேனுங்க. கம்பி நீளமா இருந்தா மெதுவாச் சுத்தினாப் போதுமல்ல? பதினொண்ணாவதுக்கு நீளமா உட்டேன்."

"எத்தனை அடி?"

"அடிக்கணக்கு கெடையாதுங்ண்ணா. திங்கக்கெழமை பாலக்காடு, புதங்கெழமை மைசூரு, வெள்ளிக்கெழமை சேலம், ஞாயித்துக்கெழமை இங்க. வாரத்துக்கு ஒரு சுத்து. நா பாட்டுக்குக் கைப்பிடியை லேத்துல கட்டிப்போட்டு வேலையைப் பாப்பேன். மைசூருல எங்க பெரியம்மா பையன் இருக்கறான், போறப்ப வர்றப்ப மைசூர்பாகு கட்டி உடுவான். ஆனா ஒரு கொறை. மூணு மாசம் போனப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை திரும்பி வந்துச்சு பாருங்க, எனக்கே அடையாளந் தெரியல. எஞ்சின் சத்தம் பூரா மலையாளத்துல இருக்குது. நா சொல்றது அதுக்குப் புரியல, மேல போன்னா கீழ வருது. வந்து குத்திக்கிச்சு."

சிரிப்பு அடங்கியது. இலைப்பூச்சி பறந்து போனது. ரிப்பன் அதற்குக்கூட அசையவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பன் வாயைத் திறந்தான். பன்னிரண்டாவதைப் பற்றி அவனிடம் கதை இல்லை. அது இன்னும் உடையவில்லையே.

பொட்டலில் விமானத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். சுக்கூர் பாய் கம்பிகளை மாட்டினார், காற்றாடியைச் சுண்டி எஞ்சினைப் பிடிக்க வைத்தார். ரெஜினா வாலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். சென்னியப்பன் அறுபதடி நடந்து வட்டத்தின் நடுவுக்குப் போனான். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, விமானத்தையே பார்த்தபடி தரையில் கிடந்த கைப்பிடியை எடுத்தான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தை விடுவதற்கு முன்னால் பிடித்திருப்பவர் "ஏத்தம்?" என்று கேட்க, கைப்பிடிக்காரர் மேலே சாய்த்துக் காட்டவேண்டும். வால் மடல் மேலே தூக்குகிறதா என்று பார்த்து "சரி" என்பார்கள். "எறக்கம்?" என்று கேட்டு அதையும் பார்ப்பார்கள். சென்னியப்பன் பதினொரு தடவையும் இதற்கு ஒப்பியதில்லை. 'எம்பட விமானத்துக்குப் பரீட்சையா?' என்பான்.

"காட்டலைன்னா விடமாட்டேன்ணா!" என்று ரெஜினா எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஏத்தம்?"

அவன் மேலே சாய்த்தான்.

"சரி! எறக்கம்?"

கீழே சாய்த்தான்.

"சரி!" என்று கையை விட்டாள்.

ஓடியது. எழுந்தது. ஆள் உயரம் வந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை மேலே சாய்த்தான். மண்ணில் குத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. கம்பி இரண்டும் விறைத்து, யாரோ எதிர்முனையில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தான். விமானம் வானத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் மில் சுவர் ஓடியது, புகைபோக்கி ஓடியது, வேப்பமரம், மூங்கில் குச்சி, மறுபடி மில் சுவர்.

"ஒண்ணு!" என்று சுக்கூர் பாய் அலறியது கேட்டது. "ரெண்டு!"

மூன்றை அவன் கேட்கவில்லை. இரும்புத்தூள் சட்டைக்குள் வியர்வை ஓடியது. வாய் தானாகப் பிளந்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, சொல்ல எதுவும் தோன்றாத வாயோடு சென்னியப்பன் சுற்றினான். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் அடங்கி, சக்கரம் மண்ணைத் தொட்டபோது முப்பத்தோரு சுற்று ஆகியிருந்தது.

அவன் நின்றான். உலகம் நிற்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பிடிமானத்துக்குக் கையிலிருந்ததையே உற்றுப் பார்த்தான். கைப்பிடியின் மேல்பக்கம் எதுவென்று தெரிய, அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பான். அந்தச் சிவப்பு கீழே, சுண்டுவிரல் பக்கம் இருந்தது.

தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

தலைகீழாகப் பிடித்தால் ஏற்றம் இறக்கமாகவும், இறக்கம் ஏற்றமாகவும் மாறவேண்டும். விமானம் முதல் சாய்ப்பிலேயே குத்தியிருக்கவேண்டும். குத்தவில்லை. அப்படியென்றால்...

இறக்கைக்குள் மூன்று காது வைத்த ஒரு தகடு உண்டு. இரண்டு கம்பியும் அதில்தான் போய்ச் சேரும். மூன்றாவது காதிலிருந்து வாலுக்கு ஒரு குச்சிக் கம்பி போகும். அந்தத் தகட்டை எப்படிப் பொருத்துவதென்று, பல வருடங்களுக்கு முன்னால் யாரோ வைத்திருந்த படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து அவனாகவே வரைந்து எடுத்துவந்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற தாள். அன்றைக்கு வீட்டில் அதை எந்தப் பக்கமாக விரித்தான்?

சென்னியப்பனுக்குச் சுற்றல் நின்றுவிட்டது. பதினொன்றிலும் தகடு மறுபக்கம். ஒவ்வொரு தடவையும் ஏறட்டும் என்று அவன் சாய்த்தபோதெல்லாம், அவன் கையாலேயே அதை மண்ணில் குத்தியிருக்கிறான். வால் கனமுமில்லை, அமாவாசையுமில்லை.

அவன் எழுந்து மரத்தடிக்கு வந்தபோது, சுக்கூர் பாய் கம்பிகளைக் கழற்றிவிட்டு விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாமி ஊர்வலம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நின்றார். ஆனால் பேச்சுத் தவறாத மனிதர்.

"பேசுனது பேசுனதுதான். எறும்பு நெசம். கலியாண மண்டபம் நெசம். கெணறும் நெசம். மலையாளம்..." என்று எச்சிலை விழுங்கினார். "அதுவும் நெசம். போதுமா?"

"அதெல்லாங் கெடக்கட்டுமுங்ண்ணா" என்றான் சென்னியப்பன். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நா இன்னைக்குக் கைப்பிடியைத் தலைகீழாப் புடிச்சுட்டேன். விமானத்துக்குள்ள தகட்டையும் தலைமாத்தி வெச்சிருக்கறேன். பன்னெண்டுலயும் அப்படித்தான். ரெண்டு தப்பும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயித்தான் இது பறந்துச்சு. இல்லீன்னா இதும் குத்தியிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"நாந்தானண்ணா வாலைப் புடிச்சிருந்தேன்" என்றாள் ரெஜினா மெதுவாக. "ஏத்தம்னேன், மடல் மேல போச்சு. எறக்கம்னேன், கீழ வந்துச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அதாம் அம்மணி நாஞ் சொல்றது! ரெண்டும் தப்பா இருந்ததாலதான் சரியா இருந்துச்சு! வேணும்னா மறுபடி கம்பியை மாட்டிக் காட்டறேன்."

"கழட்டுன கம்பியை மாத்தி மாட்டறதுக்கு என்ன, ரெண்டு நிமிசம்" என்றார் தெய்வசிகாமணி. தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஏப்பா, எறும்பு அந்தரத்துல நடந்ததை ஒத்துக்கிட்டேன். நீ திருகாணியாட்ட மண்ணுக்குள்ள போனதை ஒத்துக்கிட்டேன். அதோட உடு. புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

அவர் மூங்கில் குச்சியைப் பிடுங்கினார். பிடுங்கிய கையிலேயே ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று வந்துவிட்டது.

சென்னியப்பன் சாக்கிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். இறக்கையின் மேல்தாளை ஒரு சாண் கிழித்தால் போதும், தகடு தெரிந்துவிடும். சுக்கூர் பாய் மரத்தடியில் இறக்கி வைத்திருந்த விமானத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். மூக்கில் எண்ணெய் வழிந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

கத்தியை மடக்கிச் சாக்குக்குள் போட்டான். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போய், அறுபதடிக்கும் கிடந்த கம்பிகளை ஒரு முனையிலிருந்து துடைத்து, முறுக்கு விழாமல் கட்டையில் சுற்ற ஆரம்பித்தான்.